கூரைக்கும் வேண்டும் ஒரு வைத்தியம்!

ராத்திரி பத்து மணிக்கு உங்கள் வீட்டு உள்கூரையைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

நன்னிலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா என்னிடம் வைத்தியத்துக்கு வந்தார். வயது 68. "ராத்திரி கண்ணை மூடினா எரியுது தம்பி. வாயெல்லாம் புண்ணு. விடிஞ்சா தலை கிறுகிறுன்னு சுத்துது. தூக்கம்னு ஒண்ணு வந்து மூணு மாசமாச்சு" என்றார். நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். பித்தம் மிஞ்சியிருக்கிறது என்று முடிவு கட்டி மருந்து கொடுத்தேன். சீரகத் தண்ணீர், மோர், வாரம் ஒரு எண்ணெய்க் குளியல் என்று பத்தியமும் சொன்னேன். ஒரு மாதம் ஆயிற்று. குணமில்லை. மருந்தை மாற்றினேன். அப்போதும் குணமில்லை.

நடுவில் குடவாசலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பத்து நாள் போய்விட்டு வந்தார். "அங்க நல்லாத் தூங்கினேன் தம்பி. வாய்ப்புண்ணும் ஆறிடுச்சு. இங்க வந்த மூணாம் நாளே பழையபடி ஆயிடுச்சு" என்றார். மகள் வீடு பழைய ஓட்டு வீடு. இவர் வீடு மகன் புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீடு. அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை!

வைகாசி மாதம் ஒரு ராத்திரி அந்த அம்மா கட்டிலிலிருந்து எழுந்தவர் அப்படியே மயங்கி விழுந்துவிட்டார். அரசு மருத்துவமனையில் சேர்த்து, நல்லவேளையாக இரண்டு நாளில் திரும்பினார். அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். ராத்திரி ஒன்பதரை மணி. வெளியே வயல்காற்று ஜிலுஜிலுவென்று வீசுகிறது. அவர் படுக்கும் அறைக்குள் காலை வைத்தால், அடுப்பங்கரைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது! மேலே மின்விசிறி சுற்றுகிறது, வருவதெல்லாம் அனல். கூரையில் கையை வைத்தேன். சுட்டது.

நோயாளியின் நாடியைப் பார்த்த நான், அவர் எங்கே படுக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு என்னுடையது. அன்றிலிருந்து தூக்கமில்லை, தலைசுற்றல், உடம்பு எரிச்சல் என்று கோடையில் யார் வந்தாலும் முதல் கேள்வியாக "உங்க வீட்டுக் கூரை என்ன கூரை?" என்று கேட்கிறேன். வந்தவர்கள் சிரிக்கிறார்கள். பிறகு யோசிக்கிறார்கள்.

மருத நிலத்துக்கு வந்த சோதனை

குறிஞ்சி, முல்லை, நெய்தல், பாலை, மருதம் என்ற நிலங்களில் மருதம்தான் நோயை அண்ட விடாத நிலம் என்று சித்த மருத்துவம் சொல்கிறது. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த இடம். முடிகொண்டான் ஆறும் அரசலாறும் பாய்கிற நன்னிலம் பக்கத்துக்கு அந்தப் பெருமை பொருந்தும். ஊர் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. வீடுதான் கொதிக்கிறது!

காரணம் ரொம்பச் சாதாரணம். நாலைந்து அங்குல கான்கிரீட் தளம் காலையிலிருந்து வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. உச்சி வெயிலில் பூச்சில்லாத தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடும். அந்தச் சூடு கான்கிரீட்டில் ஊறிக் கீழே இறங்க மூன்று, நாலு மணி நேரம் ஆகிறது. அதனால் வெளியே வெயில் தணிகிற சாயங்காலத்தில்தான் உள்கூரை நன்றாகக் காய்ந்திருக்கும். ராத்திரி முழுக்க அந்தச் சூட்டை நம் தலைமேல் கொட்டும். மின்விசிறியோ அந்தக் காற்றையே சுழற்றிச் சுழற்றி அடிக்கும்.

நாட்டு ஓட்டு வீடு அப்படியில்லை. ஓட்டு இடுக்கு வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும். ஓடும் மெல்லியது; பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். முற்றம் வேறு இருக்கும். சரி, அதற்காக எல்லோரும் ஓட்டு வீட்டுக்குத் திரும்பிப் போக முடியுமா? மரம் விற்கிற விலையென்ன, ஓடு மாற்றுகிற ஆள் எங்கே, குரங்குத் தொல்லை எவ்வளவு! கான்கிரீட் வீட்டில் இருந்துகொண்டே கூரையைக் குளிர வைப்பது எப்படி என்பதுதான் நமக்கு வேண்டியது.

இது வெறும் சௌகரியம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. பகல் வெயிலில் பட்ட உடம்பு ராத்திரியில்தான் ஆறி, அசதி தீர்ந்து எழுந்திருக்கிறது. ராத்திரியும் ஆறாவிட்டால் இருதயத்துக்கு ஓய்வில்லை. முதியவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நீர் பிரிவதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள்... இவர்களுக்குத்தான் முதல் ஆபத்து. அந்த அம்மாவும் ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்தான். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது சும்மா இல்லை.

முதலில் சோதனை, பிறகு செலவு

வைத்தியத்துக்கு முன்னால் நோயைக் கண்டுபிடிக்க வேண்டாமா? மருந்துக்கடையிலோ பாத்திரக் கடையிலோ சில நூறு ரூபாய்க்குச் சுவர் வெப்பமானி கிடைக்கும். படுக்கும் அறையில், கட்டிலுக்குப் பக்கமாக, வெயில் படாத சுவரில் நாலைந்தடி உயரத்தில் மாட்டுங்கள். மதியம் 3 மணி, ராத்திரி 10 மணி, விடியற்காலை 5 மணி என்று மூன்று வேளை ஒரு வாரம் குறித்து வையுங்கள். அதே நேரத்தில் திண்ணை நிழலில் எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள்.

ராத்திரி 10 மணிக்கு உள்ளே இருக்கும் சூடு வெளியே இருப்பதைவிட 3 டிகிரிக்கு மேல் அதிகமா? மாடி உள்ள வீட்டில் கீழறையைவிட மேலறை நன்றாகச் சூடா? அப்படியானால் குற்றவாளி கூரைதான். மேலறையும் கீழறையும் ஒரே மாதிரி கொதித்தால், மேற்குச் சுவரையும் மூடியே கிடக்கும் ஜன்னல்களையும் சந்தேகப்படுங்கள். மேற்குச் சுவருக்கு ஒரு கொடிப்பந்தல், வாசலில் ஒரு புங்கை மரம் போதும். அதற்குப் போய்க் கூரையில் ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம்!

என்னென்ன வழி, என்ன செலவு?

கீழே சொல்லும் தொகையெல்லாம் எங்கள் பக்கத்துக் கொத்தனார்களிடம் விசாரித்த உத்தேசக் கணக்கு. கூலியும் சேர்ந்தது. ஊருக்கு ஊர், வேலைக்கு வேலை மாறும். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

1. சுண்ணாம்பு அடிப்பது: ஏழைக்கும் எட்டும் வைத்தியம். சதுர அடிக்கு 5 முதல் 10 ரூபாய். ஆக 5,000 முதல் 10,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வெள்ளை நிறம் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தளம் காய்ந்தால்தானே வீடு காயும்? அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்று பல ஊர்களில் அளந்திருக்கிறார்கள். பாசியைச் சுரண்டி, கழுவி, தளத்தை ஈரப்படுத்தி, நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி வடிகட்டி, ஒட்டுவதற்குப் பசை சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இரண்டு கோட் அடிக்க வேண்டும். குறை என்னவென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்துவிடும். பாசி பிடித்துக் கறுத்துவிடும். வருஷா வருஷம் அடிக்கத்தான் வேண்டும். இன்னொன்று... சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் யாரையும் அடிக்க விடாதீர்கள். தெறித்தால் கண்ணைக் கசக்காமல், குறைந்தது 20 நிமிஷம் தண்ணீரைவிட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

2. வெப்பம் திருப்பும் பெயின்ட்: சதுர அடிக்கு 25 முதல் 45 ரூபாய். சில வருஷம் தாங்கும். கடைக்காரர் "சூடே தெரியாது சார்" என்பார். அதைக் கேட்காதீர்கள். டப்பாவில் அச்சிட்டிருக்கிற எண்ணைக் கேளுங்கள். சூரிய ஒளியில் எத்தனை பங்கைத் திருப்புகிறது என்று ஒரு எண் இருக்கும். வணிகக் கட்டடங்களுக்காக 2017-இல் வந்த மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன விதி, குளிர்கூரை என்று ஒப்புக்கொள்ள குறைந்தது 0.6 இருக்க வேண்டும் என்கிறது. 0.8 இருந்தால் நல்ல சரக்கு. எண்ணே இல்லாத பெயின்ட் சாதாரண வெள்ளை பெயின்ட்தான். அதற்கு அந்த விலை கொடுக்க வேண்டாம். ஒரு லிட்டரில் எத்தனை சதுர அடி அடிக்கலாம் என்றும் டப்பாவிலேயே இருக்கும். அதைவிட அதிகப் பரப்பை அடித்து முடித்தால், ஆள் தண்ணீரைக் கலந்துவிட்டார் என்று அர்த்தம்!

3. செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவை, மேலே தட்டோடு: நம் தாத்தா காலத்து முறை. மெட்ராஸ் டெரஸ் என்கிறோமே, அந்த மச்சு வீடுகளில் தேக்குக் கட்டைமேல் செங்கல் அடுக்கி, அதன்மேல் இந்தக் கலவையைப் போட்டு இடித்து இறுக்கினார்கள். சாந்து இறுகவும் விரிசல் விடாமல் இருக்கவும் கடுக்காய்த் தண்ணீரும் பனைவெல்லமும் சேர்த்தார்கள். நான் மருந்துக்கு இடிக்கிற அதே கடுக்காய்தான்! இன்று சதுர அடிக்கு 90 முதல் 150 ரூபாய் வரை ஆகிறது. இந்தக் கலவை போடுவதற்கு ஐ.எஸ். 3036, சுட்ட தட்டோட்டுக்கு ஐ.எஸ். 2690 என்று இந்தியத் தர நிர்ணயங்கள் இருக்கின்றன. வெள்ளை நிறக் குளிர்ச்சி ஓடு பதித்தால் பலன் இன்னும் கூடும். ஆனால் எடையைக் கவனியுங்கள். நாலு அங்குலக் கலவை சதுர அடிக்குச் சுமார் 17 கிலோ. ஆயிரம் சதுர அடிக்கு 17 டன்! பழைய கட்டடமாக இருந்தால் இன்ஜினீயரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. ஏற்கனவே இருக்கிற தட்டோட்டின்மேல் இன்னொரு அடுக்கு போடவே கூடாது.

4. நுரைப் பலகை: தெர்மோகோல் வகையறா. இதுதான் உண்மையான வெப்பத் தடுப்பு. கான்கிரீட்டைவிட 40 மடங்கு சூட்டைத் தடுக்கும். சதுர அடிக்கு, மேலே போடும் ஓடும் சேர்த்து, 120 முதல் 200 ரூபாய். மத்திய அரசு 2018-இல் வீடுகளுக்காக 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. கூரை வழியாக வெப்பம் கடக்கும் அளவு 1.2-க்கு மேல் போகக் கூடாது என்பது அதில் ஒரு விதி. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அந்த எண் 3-க்கு மேல். ஜல்லிக் கலவை போட்டாலும் 2-க்குக் கீழே இறங்குவது கஷ்டம். ஓர் அங்குல நுரைப் பலகை வைத்தால் 1.2-க்குள் வந்துவிடுகிறது. அந்த விதி 500 சதுர மீட்டர் மனையில் தொடங்கும் பெரிய கட்டடங்களை நினைத்து எழுதியது. நம் வீட்டுக்கு யாரும் வந்து கேட்கப் போவதில்லை. ஆனால் நாம் அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம் அல்லவா?

டி.வி. பெட்டிக்குள் வருகிற தெர்மோகோல் இதற்கு ஆகாது. நடக்கிற மாடிக்குக் கன மீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறையாத அடர்த்தி வேண்டும். தெர்மோகோலுக்கு ஐ.எஸ். 4671 என்ற தர முத்திரை உண்டு. அதிலும் தீப்பிடித்தால் தானே அணையும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பலகையைத் தளத்துக்கு மேலே வைத்து, அதன்மேல் சாந்தும் ஓடும் போட்டு மூட வேண்டும். அப்போதுதான் தளமே காயாமல் இருக்கும்.

5. மாடிமேல் தகரக் கொட்டகை: இப்போது நம் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் போடுகிறார்கள். நிழல் விழுவதால் தளம் காயாது. துணி உலர்த்தவும் நெல் காயப்போடவும் இடம் கிடைக்கிறது. செலவு எல்லாவற்றையும்விட அதிகம். உயரம் ஏழெட்டு அடிக்குக் குறையாமல், நாலு பக்கமும் திறந்து, காற்று ஓடுகிற மாதிரி இருந்தால்தான் பிரயோஜனம். சுற்றிலும் அடைத்து அறையாக்கினால் அது அடுப்பு! 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறியபோது டெல்டாவில் எத்தனை தகடுகள் பறந்தன என்று நமக்குத் தெரியும். கால்களைத் தளத்தில் போல்ட் போட்டு இறுக்காமல் வெறும் சிமென்ட் பூசி நிறுத்துகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் வேண்டாம்!

தென்னங்கீற்றுக் கொட்டகை: மொட்டை மாடியில் கீற்று வேய்ந்தால் குளிர்ச்சிதான். மறுக்கவில்லை. ஆனால் நம் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் போனதை மறக்க முடியுமா? அடுப்பங்கரை நெருப்புதான் கூரைக்குத் தாவியது. ஒரு பட்டாசுப் பொறி, ஒரு மின்கம்பிக் கசிவு போதும். குளிர்ச்சிக்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் தகடு: இதன் தூளில் இருக்கிற நுண்ணிய நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகக்கூட முடியும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புதிதாகப் போடவே போடாதீர்கள். ஏற்கனவே இருந்தால் அறுக்காமல், துளைக்காமல், கம்பி பிரஷ்ஷால் தேய்க்காமல், மேலே வெள்ளை பெயின்ட் மட்டும் அடித்து வையுங்கள். உடைந்த தகட்டை மாற்றுவதென்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள்.

உமி, வைக்கோல்: "நம்ம ஊர்ல உமிக்குப் பஞ்சமா டாக்டர்? அதையே பரப்பிடலாமே?" என்று ஒருவர் கேட்டார். உமி சூட்டைத் தடுக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் நனைந்தால் மக்கும், எலி குடியேறும், தீப்பிடித்தால் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். வேண்டாம்.

உள்கூரையில் தெர்மோகோல் சீலிங்: பார்க்க அழகாக இருக்கும், செலவும் குறைவு. ஆனால் தளம் மேலே காய்ந்துகொண்டேதான் இருக்கும். சீலிங்குக்கும் தளத்துக்கும் நடுவே எலியும் தூசியும் சேரும். மின்கம்பி அதன் வழியாகத்தான் போகும். தீப்பிடித்தால் உருகித் தலையில் சொட்டும். வாடகை வீட்டில் வேறு வழியில்லை என்றால் ஒழிய இதை யோசிக்காதீர்கள்.

வேலைக்காரரிடம் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

நல்ல மருந்தை அரைகுறையாகக் கொடுத்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். பொருளைவிட வேலைதான் முக்கியம்.

1. "கசிவு இருக்கான்னு பார்த்தீங்களா?" ஒழுகுகிற தளத்தை மூடினால் ஈரம் உள்ளே சிறைப்படும். கம்பி துருப்பிடித்துக் கூரைப் பூச்சு கட்டிலில் விழும். சுவரில் பூஞ்சை பிடித்து, ஆஸ்துமா குழந்தைக்கு இழுப்பு அதிகமாகும். தண்ணீர் போகும் வாயை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தளத்தில் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

2. "வாட்டம் எவ்வளவு வைப்பீங்க?" பத்து அடிக்கு இரண்டு அங்குலம் சரிவு வேண்டும். தண்ணீர் தேங்கினால் பாசி. பாசி வந்தால் வெள்ளை போச்சு.

3. "எத்தனை அங்குல கனம்?" பேச்சில் நாலு அங்குலம், வேலையில் இரண்டு அங்குலம் என்பது நடக்கிற கதை. கலவை போடும்போதே நாலு இடத்தில் கம்பியைக் குத்தி அளந்து பாருங்கள். நீங்களே நிற்க வேண்டும்.

4. "ஓரத்தில் என்ன செய்வீங்க?" தளமும் கைப்பிடிச் சுவரும் சேருகிற மூலையில்தான் ஒழுகல் ஆரம்பிக்கும். அங்கே சரிவாக வளைத்துப் பூச வேண்டும்.

5. "எத்தனை நாள் தண்ணி விடணும்?" ஜல்லிக் கலவைக்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் காயக் கூடாது. மூன்றாம் நாள் பெயின்ட் அடிக்கலாம் என்பவர் அவசரக்காரர்.

6. "பழைய தளத்துக்கு இந்த எடை தாங்குமா?" இதற்கு விடையை இன்ஜினீயரிடம்தான் கேட்க வேண்டும். கொத்தனார் "தாங்கும் சார்" என்றுதான் சொல்வார்!

7. "எழுதிக் கொடுப்பீங்களா?" பொருளின் பெயர், கனம், எத்தனை கோட், எத்தனை வருஷம் உத்தரவாதம், ஒழுகினால் யார் பொறுப்பு... எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். மூன்று பேரிடம் விலை கேளுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிடாதீர்கள். கடைசிப் பங்கை ஒரு மழை பார்த்தபின் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

எப்போது செய்வது? தை அறுவடை முடிந்து மாசி பிறந்ததும் செய்யுங்கள். மழை நின்றிருக்கும், வெயில் ஏறியிருக்காது, வயல் வேலை முடிந்து ஆளும் கிடைக்கும். சித்திரையில் கொதிக்கும்போது ஓடினால் கூலியும் கூடும், பூச்சும் சரியாகப் பிடிக்காது.

எதற்கு முதல் பணம்?

கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறதா? முழு மாடியையும் யோசித்து மலைக்காதீர்கள். வீட்டில் யார் பலவீனமோ, அவர் படுக்கிற அறைக்கு மேலே மட்டும் முதலில் செய்யுங்கள். 12 அடிக்கு 10 அடி அறை என்றால் 120 சதுர அடிதான். சுற்றிலும் இரண்டு அடி கூட்டிக்கொண்டாலும் சுமார் 220 சதுர அடி. சுண்ணாம்புக்குச் சுமார் 1,100 முதல் 2,200 ரூபாய்தான் ஆகும். நல்ல பெயின்ட் என்றால்கூட பத்தாயிரத்துக்குள். அதுவும் முடியாதவர்கள், பாட்டியின் கட்டிலை மாடியறையிலிருந்து கீழறைக்கு இறக்குங்கள். அதற்குச் செலவே இல்லை!

"ஏசி வாங்கிட்டா போச்சு!" என்பார்கள் சிலர். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொதிக்கிற கூரைக்குக் கீழே ஏசி போடுவது, அடுப்பை எரியவிட்டுக்கொண்டு விசிறுவது மாதிரி. கரன்ட் போனால் பத்து நிமிஷத்தில் பழைய கதைதான். கூரையை முதலில் ஆற்றுங்கள். அப்புறம் சின்ன ஏசியே போதும். சில வீட்டில் அதுவும் தேவைப்படாது.

அறை சூடு 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி மட்டும் உதவாது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த நேரத்தில் ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பதும், அறையை விட்டு வெளியே வருவதும்தான் நல்லது.

உடம்புக்கும் கொஞ்சம்

இளவேனிலிலும் முதுவேனிலிலும் நீர்மோர், நுங்கு, இளநீர், வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர், நன்னாரி... எல்லாம் நல்லவைதான். சர்க்கரை நோயாளிகள் நன்னாரி சர்பத் குடிக்க வேண்டாம். நன்னாரி வேரை ஊறவைத்த தண்ணீர் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீர் குடிக்குமுன் டாக்டரைக் கேளுங்கள். எத்தனை மருந்து இருந்தாலும், ராத்திரி முழுக்கச் சூட்டில் வேகிற உடம்புக்கு அது முழுப் பலன் தராது. இதை நான் அனுபவத்தில் படித்தேன்.

ஒன்றை மட்டும் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். வெயில் காலத்தில் ஒருவர் பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் உளறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ கை வைத்தியம் செய்துகொண்டிருக்காதீர்கள். என்னையும் கூப்பிட வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸோ ஈரத்துணியோ வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அந்த அம்மா என்ன ஆனார்?

மகனைக் கூப்பிட்டுப் பேசினேன். "அம்மாவுக்கு மருந்து எழுதித் தாங்க, எவ்வளவு ஆனாலும் வாங்கறேன் டாக்டர்" என்றார். "மருந்தை மாடியில பூசணும் தம்பி" என்றேன். முதலில் நம்பவில்லை. வெப்பமானியை மாட்டச் சொன்னேன். ராத்திரி பத்து மணிக்கு 36 டிகிரி. அதே நேரம் திண்ணையில் 31. அதைப் பார்த்தபின் மறுபேச்சு பேசவில்லை.

மறுநாளே கட்டிலைக் காற்றோட்டமான கூடத்துக்கு மாற்றினார்கள். கையில் இருந்த பணத்துக்கு அந்த அறைமேல் மட்டும் சுண்ணாம்பு அடித்தார்கள். அடுத்த மாசியில், கசிவை அடைத்து, வாட்டம் பார்த்து, முழு மாடிக்கும் வெள்ளை ஓடு பதித்தார்கள். அதற்கடுத்த வைகாசியில் அதே அறையில், அதே பத்து மணிக்கு 33 டிகிரி. மூன்றே டிகிரிதான். ஆனால் அந்த மூன்று டிகிரியில் அவருக்குத் தூக்கம் வந்தது.

ரத்த அழுத்த மாத்திரையை அவர் இன்றும் சாப்பிடுகிறார். அதை நிறுத்தக் கூடாது. என் மருந்தைத்தான் நிறுத்திவிட்டேன். போன முறை பார்த்தபோது, "இப்ப நல்லாத் தூங்கறேன் தம்பி. ஆனா விடியக்காலம் பால்காரன் மணியடிச்சா எழுந்திருக்க முடியல. அதுக்கு ஒரு மருந்து குடுங்களேன்!" என்றார்.

நீங்களும் இன்று ராத்திரி அந்த ஸ்டூலைப் போட்டு ஏறிப் பாருங்கள். பாட்டி படுக்கிற அறையிலிருந்து ஆரம்பியுங்கள்.